கபிலர் பாடாத பூ



குறிஞ்சிப்பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம், கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் சிலவற்றையாவது தேடிக் கொண்டுவரும்படி மாணவரைக் கேட்பது என் வழக்கம். ஒருமுறை ஒரு மாணவன் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த பூங்கொத்தொன்றை நீட்டி, "சேர், எங்கட பற்றையெல்லாம் இதுதான். கபிலர் பாடியிருப்பார்தானே?" என்றான். அது நாயுண்ணிப் பூ. "பாடியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். தாவரவியல் கற்பிக்கும் நண்பர் கேட்டுச் சிரித்த பின்னரே என் பிழை எனக்கு விளங்கியது.

நாயுண்ணியின் தாயகம் வெப்பவலய அமெரிக்கா. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் அமைந்தது. அதன் பொறுப்பாளராயிருந்த அலெக்சாண்டர் மூன், இலங்கையில் வளரும் உள்நாட்டு, பிறநாட்டுத் தாவரங்களின் பட்டியலை 1824 இல் வெளியிட்டார். இரண்டாண்டுகளின் பின், 1826 இல், அழகுச் செடியாக நாயுண்ணி அப்பூங்காவுக்கு வந்தது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை வேலிக்கு அப்பால் கொண்டு சென்றன. இன்று உடவளவை தேசியப் பூங்காவில் யானைகள் மேயும் புல்வெளிகளையும் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகாயத் தாமரையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக வந்ததுதான். அதைத் தடுக்க 1909 இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

எனவே, காட்டிலே பூப்பதெல்லாம் காட்டுப்பூ அன்று. நாயுண்ணிக்கு நாற்கோணத் தண்டு. அதில் சிறு முட்கள். சொரசொரப்பான இலையைக் கசக்கினால் நெடி எழும். மஞ்சளாய் விரியும் பூ பின்னர் நிறம் மாறும். காந்தளோ இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறும் கொடி. அடி மஞ்சளும் நுனி சிவப்புமாய் ஆறு இதழ்கள். அதன் கிழங்கு நஞ்சு. கோடையில் மண்ணுக்குள் உறங்கி, மாரியில் எழும். எழும்போது மேலே நாயுண்ணி கவிந்திருந்தால் அதற்கு வெளிச்சமில்லை.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. அம்மாவின் மறைவுக்குப் பின் பார்ப்பாரற்றுக் கிடந்த எங்கள் வளவின் பின்வேலியில், ஆண்டுதோறும் பூத்த காந்தளைக் காணவில்லை. நாயுண்ணி ஆளுயரம் நின்றது. வெட்டினேன், அடிக்கட்டை மீண்டும் தளிர்த்தது. பிறகு அதே மாணவனைத் துணைக்கு அழைத்து, காய் பழுக்குமுன் அலவாங்கு கொண்டு வேரோடு கிளப்பினோம். மாடு தின்றால் நஞ்சாகும் என்பதால் உலர்த்தி எரித்தோம்.

அன்றுதான் அவனிடம், "தம்பி, நான் உனக்குச் சொன்னது பிழை" என்றேன். "அப்ப சேர், கபிலர் இதைக் கண்டதே இல்லையோ?" என்றான். "அவர் மட்டுமில்லை, 1826 க்கு முந்திய நம் ஊரவர் எவருமே கண்டிருக்கமாட்டார்கள்" என்றேன்.

அடுத்த மாரியில் வேலியடியில் ஒரு முளை தலைநீட்டியது. நாட்கள் செல்ல, அதன் இலைநுனி சுருளத் தொடங்கியது. கபிலரின் பட்டியலில் முதலாவதாய் நிற்கும் பூவின் கொடி அது.