எல் சால்வடோர்: கும்பல் வன்முறையின் பொருளாதார, சமூக இழப்புகள்

மத்திய அமெரிக்காவின் மிகச் சிறிய நாடான எல் சால்வடோரின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். 2015-ல் மட்டும் அங்கே 6,600-க்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். லட்சம் பேருக்கு நூறுக்கு மேல். இதில் பெரும்பங்கு எம்எஸ்-13, பாரியோ 18 ஆகிய கும்பல்களைச் சேரும். இரண்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் உருவானவை. 1992-ல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் வழியாக எல் சால்வடோரில் வேரூன்றின.

வன்முறையின் செலவு 2014-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 16 விழுக்காடு என்று அந்நாட்டு மத்திய வங்கி மதிப்பிட்டது. மருத்துவம், தனியார் காவல், மாமூல், இழந்த உழைப்பு எல்லாம் இதில் அடக்கம்.

இந்தத் தொகையைவிட அதிகம் உணர்த்துவது தலைநகர் சான் சால்வடோரில் நடந்த ஓர் ஆய்வு. கும்பல் பிடியிலிருந்த பகுதியில் வசித்தவர்கள், எல்லைக்கு அப்பால் வெறும் 50 மீட்டர் தள்ளி வசித்தவர்களைவிடக் கல்வியிலும் வருமானத்திலும் பின்தங்கியிருந்தனர். காரணம் நடமாட்டத் தடை. அடையாள அட்டையிலிருந்த முகவரியைப் பார்த்தே கும்பல்காரர்கள் வெளியாளை இனம்கண்டனர். எதிர்க்கும்பலின் பகுதியைக் கடந்துதான் நல்ல வேலைக்குப் போக முடியும் என்றால் அந்த வேலையே கிடையாது. வீட்டருகே கிடைத்த சிறுவேலைதான். ஒரு குண்டும் வெடிக்காத நாளிலும் இந்த இழப்பு தொடர்ந்தது.

'ரென்டா' எனப்பட்ட மாமூலைப் பேருந்து முதலாளி முதல் பெட்டிக்கடைக்காரர் வரை கட்டினர். 2015 ஜூலையில் கும்பல்கள் பேருந்துகளை நிறுத்தச் சொல்லி, மீறிய ஓட்டுநர்களைக் கொன்றன. தலைநகரம் சில நாட்கள் முடங்கியது. 2016-ல் கும்பல்கள் தங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டன. கொலைகள் குறைந்தன; ஆனால் போட்டி நீங்கியதால் மாமூல் கூடியது. அந்தச் சுமை மருந்து விலையிலும் ஏறி நோயாளிகள் தலையில் விழுந்தது. கொலை குறைவதும் செலவு குறைவதும் ஒன்றல்ல.

2022 மார்ச்சில் ஒரே வார இறுதியில் 87 பேர் கொல்லப்பட்டதும் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. அதன்பின் 80,000-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 2024-ல் நடந்த கொலைகள் 114 என்கிறது அரசுக் கணக்கு. மாமூலும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் குற்றமற்றவர்கள் பலரும் விசாரணையின்றி அடைபட்டிருப்பதாக மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. சம்பாதித்தவர் உள்ளே போய்விட, அவருக்கான உணவு, சோப்பு, உடைப் பொட்டலங்களைக் கடன்பட்டாவது வாங்கி அனுப்பும் குடும்பங்கள் பல.