நம் வீட்டு மாசியும் மினிக்காய் தீவும்

மாசிச் சம்பல் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அந்த மாசிக் கருவாட்டுக்குப் பெயர்பெற்ற மினிக்காய் தீவைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம்.

அமைவிடம்

இலட்சத்தீவுகளின் தென்கோடியில் உள்ள இத்தீவை அங்குள்ளவர்கள் 'மலிக்கு' என்பர். கொச்சியிலிருந்து சுமார் 400 கி.மீ. தூரம். மற்ற இலட்சத்தீவுகளை விட மாலத்தீவே இதற்கு அருகில் உள்ளது. பிறை வடிவிலான இதன் நிலப்பரப்பு 5 சதுர கி.மீ.க்கும் குறைவு. மேற்கே பவளப்பாறைகள் அரணாகச் சூழ்ந்த பரந்த காயல். 1885ல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது.

காலநிலை

ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கடல் கொந்தளிக்கும், மீன்பிடிப்பு குறையும். மலையோ ஆறோ இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. அளவு மீறி இறைத்தால் கிணறு உப்பாகிவிடும்.

மக்கள்

2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10,447. மக்கள் முஸ்லிம்கள், ஷாஃபிஈ மத்ஹபினர். பேசுவது மஹல், மாலத்தீவின் திவெஹி மொழியின் கிளை. அதன் தானா எழுத்து அரபியைப் போல வலமிருந்து இடமாக எழுதப்படும். முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. காயல்பட்டினத்தைப் போலவே இங்கும் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குகிறார். கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஆண் தலைவரும் பெண் தலைவியும் உண்டு. ஆண்களில் பலர் கப்பல் மாலுமிகள்.

மாசித் தொழில்

இங்கு சூரை மீனை வலையால் அல்ல, தூண்டிலால் பிடிக்கின்றனர். முதலில் காயலில் சிறு மீன்களைப் பிடித்துப் படகின் நீர்த்தொட்டியில் உயிரோடு வைப்பர். ஆழ்கடலில் அவற்றை இரையாக வீசியதும் சூரைக் கூட்டம் திரளும். நீண்ட கழிகளால் ஒவ்வொன்றாகத் தூக்குவர். தேவையற்ற மீன்கள் அதிகம் சாவதில்லை. பிடித்த சூரையை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போல இறுகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி தயார்.

எதிர்நோக்கும் ஆபத்து

அந்த இரைமீன்களில் பல பவளப்பாறைகளை அண்டி வாழ்பவை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியதால் இலட்சத்தீவுகளின் பவளங்கள் வெளிறி, பெருமளவில் மடிந்தன. பாறை அழிந்தால் இரைமீன் குறையும். இரைமீன் இல்லையேல் இந்தத் தூண்டில் தொழிலும் இல்லை. அலைகளைத் தடுத்து, இந்தத் தாழ்வான நிலத்தைக் காப்பதும் அதே பாறைதான். நாம் கைப்பிடி மாசி இடிக்கும்போது, அது ஒரு பவளப்பாறையின் தயவில் வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.