பல்லின் பாலமும் ஏட்டின் சான்றும்



ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர் வட்டாரத்தில் இன்று ஆலைகள் பெருகியுள்ளன. ஆலைத் தொழிலில் ஓர் உலோக உறுப்பு எக்கலவையால், எந்நாளில் வார்க்கப்பட்டது என்று ஏட்டில் குறித்து வைப்பது வழக்கம். பின்னாளில் அது முறிந்தால் காரணம் காண அக்குறிப்பே துணை. அவ்வுறுப்பைச் செய்யும் தொழிலாளியின் வாயிலும் வார்த்த உலோகம் இருக்கலாம் அன்றோ? அதற்குக் குறிப்பு வேண்டாவா? வரலாறு தரும் விடையைக் காண்போம்.

பண்டை இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கர், கிறித்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பொற்பட்டைகளால் பற்களைப் பிணைத்தனர். பற்களுக்குப் பொருந்துமாறு உறைகளை நுட்பமாக வார்க்கும் முறையோ 20-ஆம் நூற்றாண்டிலேதான் பரவியது. 1907-இல் டாகர்ட் என்னும் அமெரிக்க மருத்துவர், மெழுகுரு செய்து, அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, பொன்னை வார்த்துக் காட்டினார். நம் சுவாமிமலைச் சிற்பிகள் தெய்வத் திருமேனிகளை வார்க்கும் நெறியும் இதுவே. டாகர்ட் தம் முறைக்கு உரிமம் பெற்று, அதைக் கையாண்ட மருத்துவரிடம் பணம் கோரி வழக்காடினார். ஆனால் ஃபில்புரூக் என்பார் 1897-இலேயே அயோவா மாநிலச் சங்கத்தில் இம்முறை பற்றிக் கட்டுரை அளித்திருந்தார். அப்பழைய ஏடு வெளிப்படவே டாகர்ட்டின் உரிமை வீழ்ந்தது. எழுதி வைத்த ஒரு கட்டுரையின் ஆற்றலைப் பாருங்கள்!

இனி, பாலம் என்பது யாது? கீழ்த்தாடையின் வலப்புறத்தில் ஆறாம் பல் விழுந்ததாகக் கொள்வோம். ஐந்தாம், ஏழாம் பற்களைச் செதுக்கி உறையிட்டு, இரண்டிற்கும் நடுவே செயற்கைப் பல்லைத் தாங்கச் செய்வர். ஆகப் பட்டியலில் மூன்று உறுப்புகள்: தாங்கும் உறைகள் இரண்டு, இடைப்பல் ஒன்று. சொத்தையால் ஒரு பல்லிற்கு இடும் தனி உறை வேறு. பாலம் தாங்கும் உறை வேறு. 1969-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சிகிச்சைகளுக்குக் குறியீடுகளை வெளியிட்டது. அம்முறையில் இவ்விரண்டிற்கும் தனித்தனி எண்கள் உண்டு. ஒன்றை மற்றொன்றாக எழுதினால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம், இழப்பு நோயாளிக்கே.

உலோகத்தின் பெயரும் இன்றியமையாதது. 1971-இல் பொன்னுக்கும் டாலருக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது, பொன்விலை ஏறிற்று. மருத்துவர் பலர் நிக்கல், கோபால்ட் கலவைகளை நாடினர. பல்லேடியம் மிகுந்த உயர்ந்த கலவையும் வெண்மை. நிக்கல் கலவையும் வெண்மை. கண்ணால் வேறுபாடு அறிதல் அரிது. ஆதலின் 1984-இல் அச்சங்கம் எல்லை வகுத்தது. உயர் மதிப்புக் கலவையில் பொன், பிளாட்டினம் போன்ற அரிய உலோகங்கள் 60 விழுக்காட்டிற்குக் குறையாமலும், அதனுள் பொன் மட்டும் 40 விழுக்காட்டிற்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அரிய உலோகங்கள் 25 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அது சாதாரணக் கலவை. இது விலை பற்றிய செய்தி மட்டுமன்று. நிக்கல் ஒவ்வாத உடலினர்க்கு நலம் பற்றிய செய்தியுமாகும்.

நம் நாட்டில் பல் மருத்துவர் சட்டமும், தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டமும் 1948-ஆம் ஆண்டிலேயே பிறந்தன. ஒன்று மருத்துவரைப் பதிவேட்டில் ஏற்றியது. மற்றொன்று தொழிலாளியின் நோய்க்காலத்திற்குக் காப்பளித்தது. இவ்விரண்டின் பயனும் நிறைவுற வேண்டுமாயின், பல்லின் எண், உலோகத்தின் பெயர், பொருத்திய நாள், சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படம் ஆகியவை ஏட்டில் இருத்தல் வேண்டும். பத்தாண்டு கழித்து உறை தளரும்போது வேறோர் மருத்துவர் அதைப் படித்தே செயற்படுவார்.

உங்கள் இல்லத்துப் பெரியோர் பாலம் கட்டிக்கொண்டால் அப்பட்டியலை வாங்கிப் படித்துப் பாருங்கள், பத்திரமாக வையுங்கள். பல்லைத் தாங்குவது உறை. அவ்வுறைக்குச் சான்று அந்த ஏடு.