2032 வரைக்கும் 'கங்கா' தாங்குமா?

இந்த எபிசோடை ஒரு தேதியில இருந்து தொடங்கலாம். 1975 ஆகஸ்ட் 15. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய நாள். அதே 1975-இல் அமெரிக்காவுல 'கன்ஸ்மோக்'னு ஒரு தொடர் முடிவுக்கு வந்தது. குதிரை, தொப்பி, துப்பாக்கி, ஊருக்கு ஒரு மார்ஷல். 1955-இல் ஆரம்பிச்சு 20 சீசன், 635 எபிசோட் ஓடிய தொடர் அது. இன்னொரு பெரிய தொடரான 'பொனான்ஸா' 1973-லேயே முடிஞ்சிருந்தது. அதாவது, டிவி வெஸ்டர்ன்களோட பொற்காலம் அங்க முடியிற நேரத்துலதான் நமக்கு டிவியே வருது.

ஆனா தேனி மாவட்டம் கடமலைக்குண்டுல ஐம்பது வயசு தாண்டின யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. "கௌபாய் படமா? டிவியில பார்த்திருக்கேனே"ம்பாங்க. பொய் சொல்லலை. அவங்க பார்த்தது டிவியிலதான். ஆனா அது தூர்தர்ஷன்ல வந்ததில்லை. டெக்ல வந்தது.

கடமலைக்குண்டு எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தேனியில இருந்து கண்டமனூர் வழியா தெற்கே போனா, வருசநாட்டு மலைகளுக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. மூல வைகை ஓடுற ஊர். தென்னந்தோப்பு, செம்மண், சுத்திலும் மலை. எங்க அப்பாவோட சொந்த ஊரும் அதுதான். 1980-கள்ல இந்த மாதிரி ஊர்கள்ல 'டிவி டெக் எடுத்துப் போடுறது'ன்னா ஒரு விசேஷம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை, எதுவா இருந்தாலும் வாடகைக்கு ஒரு கலர் டிவி, ஒரு டெக், நாலு கேசட். தெருவுல பாய் விரிச்சு, ராத்திரி முழுக்கப் படம். முதல்ல சாமி படம், அப்புறம் எம்.ஜி.ஆர். படம், அப்புறம் ரஜினி படம். குழந்தைகள் எல்லாம் தூங்கின பிறகு, விடியக்காலை மூணு மணி வாக்குல, யாரும் கேட்காமலே ஒரு சண்டைப் படம் ஓடும். அந்த நேரத்துலதான் ஜெய்சங்கர் குதிரையில வருவார்.

இந்த வீடியோ மோகம் எந்த அளவுக்குப் போச்சுன்னா, கேசட் மூலமா டிவித் திரையில படம் காட்டுறதை ஒழுங்குபடுத்த 1984-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. காசு வாங்கிப் படம் போடணும்னா உரிமம் வேணும். ஒரு பெட்டியும் ஒரு கேசட்டும் தியேட்டர்களைப் பயமுறுத்தின காலம் அது.

சரி, அந்த விடியக்காலைப் படங்கள் எது? இங்கதான் எம்.கர்ணன்ங்கிற பேர் வருது. இவர் முதல்ல ஒளிப்பதிவாளர். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனோட 'கற்பகம்' (1963) இவர் ஒளிப்பதிவு செஞ்ச படம். பிறகு இயக்குநரானார். 1970-இல் 'காலம் வெல்லும்', 1972-இல் 'கங்கா', அதே வருஷம் 'ஜக்கம்மா'. மூணுலயும் ஜெய்சங்கர். தமிழ் கௌபாய் படம்னு இன்னைக்கு நாம சொல்ற வகைக்கு முகம் கொடுத்தது இந்தப் படங்கள்தான்.

இதுக்கு மூலம் எங்கன்னு தேடினா உலகத்தையே ஒரு சுத்து சுத்தணும். ஜப்பான்ல குரோசாவா 1961-இல் 'யோஜிம்போ' எடுக்கிறார். அதை வச்சு இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனி 1964-இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுக்கிறார். அமெரிக்கப் பாலைவனம்னு காட்டின இடம் உண்மையில ஸ்பெயின். கதாநாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் எங்க இருந்து வந்தார்? 'ராஹைட்'ங்கிற டிவி வெஸ்டர்ன் தொடர்ல இருந்து. அப்படின்னா நாம பார்க்காத அந்த அமெரிக்க டிவி தொடர்களோட வாடை, இத்தாலி வழியா, ஸ்பெயின் வழியா நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கு. இன்னொரு பக்கம் 'மெக்கன்னாஸ் கோல்டு' (1969) இந்தியாவுல சக்கைப்போடு போட்டது. குதிரைக்கும் தொப்பிக்கும் இங்க கூட்டம் சேரும்னு தயாரிப்பாளர்களுக்குப் புரிஞ்சுபோச்சு.

இதெல்லாம் வெறும் காப்பி, இதுல என்ன வரலாறுன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா ஒண்ணு யோசிங்க. தமிழ் சினிமா ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்த கதையைச் சொல்றவங்க எல்லாரும் 1977-ல இருந்து தொடங்குவாங்க. '16 வயதினிலே'. அதை எடுத்த பாரதிராஜா எங்க தேனி அல்லிநகரத்துக்காரர், அந்தப் பெருமையை நான் ஏன் விடப்போறேன்? ஆனா குதிரைத் துரத்தலை ஸ்டுடியோ தளத்துக்குள்ள எடுக்க முடியாது. அதுக்கு வெட்டவெளி வேணும், பாறை வேணும், புழுதி வேணும், நிஜ வெயில் வேணும். கர்ணன் கேமராவை அங்கதான் கொண்டுபோனார். கிராமத்தைக் காட்டணும்னு அவர் போகலை. துப்பாக்கிச் சண்டைக்காகப் போனார். ஆனாலும் போனார், 1977-க்கு முன்னாடியே போனார். இந்தப் படங்கள் கண்ணுல இருந்து மறைஞ்சா, நம்ம சினிமா வரலாறு நிஜத்தை விட ரொம்ப சுலபமான கதையா மாறிடும். எனக்குக் கவலை அதுதான்.

சரி, மறைஞ்சதா இந்தப் படங்கள்? பாதி மறைஞ்சது. காரணம் ரொம்ப சாதாரணம். கருப்பு-வெள்ளைப் பிலிம்ல வெள்ளி இருக்கு. ஓடி முடிச்ச பிரிண்ட்டைக் காப்பாத்தி வைக்கிறதை விட, உருக்கி வெள்ளியை எடுக்கிறது லாபம். இந்தியா முழுக்கவே பழைய படங்கள் இப்படிப் போயிருக்கு. உருக்காம வச்சதும் பிழைக்கும்னு சொல்ல முடியாது. அந்தக் காலப் பிலிம் அசிட்டேட். வெக்கையும் ஈரமும் சேர்ந்தா அது சிதைய ஆரம்பிக்கும், டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை அடிக்கும். சென்னை மாதிரி கடற்கரை ஊர் அதுக்கு எவ்வளவு தோதுன்னு சொல்லவே வேண்டாம். புனேயில தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-லேயே தொடங்கியாச்சு. ஆனா எதைக் காப்பாத்தணும்னு ஒரு பட்டியல் போட்டா, விருது வாங்கின படத்துக்கு முன்னாடி ஜெய்சங்கரோட குதிரை எப்பவாவது நிக்குமா?

அந்த வேலையைத் தெரியாமலே செஞ்சது கேசட் கடைகள். கடமலைக்குண்டுல எங்க பெரியப்பா ஒருத்தர் டெக் வாடகைக்கு விட்டவர். அவர் வீட்டுப் பரண்ல ரெண்டு அட்டைப்பெட்டி நிறைய கேசட், அதுக்கு மேல விசிடி. போன தடவை ஊருக்குப் போனப்ப இறக்கிப் பார்த்தேன். ஒரு விசிடி உறையில தொப்பி வச்ச ஜெய்சங்கர். 'கங்கா'. "இதை ஏன் பெரியப்பா இன்னும் வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "ஏப்பா, தூக்கிப் போட மறந்ததுக்குப் பேர்தான் வச்சிருக்கிறதா?"ன்னார்.

எனக்கு அந்தப் பதில்லயே எல்லாம் இருக்கு. ஹோம் வீடியோங்கிறதே அதுதான். யாரும் திட்டம் போட்டுச் சேமிச்சதில்லை. தூக்கிப் போட மறந்தது.

அந்த மறதியில எவ்வளவு பிழைக்குதுன்னு கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு சாதாரண விஎச்எஸ் கேசட் 180 நிமிஷம். ஒரு தமிழ்ப் படம் சரியா அடங்கும். ஆனா அதுல தெரியிற விவரம் ஏறக்குறைய 240 கோடுகள்தான். கேசட்டுல இருந்து கேசட்டுக்குப் பதிவு பண்ணப் பண்ண, ஒவ்வொரு தலைமுறையிலயும் முகம் கொஞ்சம் கொஞ்சமா மாவா கரையும். இன்னொண்ணு, சினிமா ஓடுறது நொடிக்கு 24 சட்டம். நம்ம ஊர் டிவி 25. அதனால கேசட்டுல படம் கொஞ்சம் வேகமா ஓடும். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும். குரலும் இம்மி கீச்சுன்னு கேட்கும். 1990-கள்ல வந்த விசிடியில ஒரு தட்டுக்கு 74 நிமிஷம்தான். அதான் எந்தப் படமும் ரெண்டு தட்டு. இடைவேளை எங்க வரணும்னு இயக்குநர் முடிவு பண்ணது போய், தட்டு முடியிற இடம் முடிவு பண்ணுச்சு.

2007 வாக்குல மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடையில வச்சப்ப, பழைய படங்கள் பஸ் ஸ்டாண்டு பொட்டிக்கடை வரைக்கும் வந்து தொங்குச்சு. நிறைய பேர் தங்களோட சின்ன வயசுப் படங்களைத் திரும்பப் பார்த்தது அப்பதான். 2010-இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தப்ப, அதுல ஒரு ஊருக்கு ஜெய்சங்கர்புரம்னு பேர் வச்சார். தியேட்டர்ல அந்தப் பேருக்குச் சிரிச்ச பலருக்கு, எதுக்காகச் சிரிக்கிறோம்னு தெரியவச்சது அந்தத் தட்டுகளும் கேசட்டுகளும்தான்.

இப்ப இணையத்துல இந்தப் படங்கள் கிடைக்குதேன்னு சொல்வீங்க. கிடைக்குது. ஆனா எப்படின்னு கவனிங்க. தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. 'கங்கா' அதுக்கு முந்தைய வருஷப் படம், அகலம் குறைஞ்ச பழைய சதுர வாக்கு. பழைய டிவிப் பெட்டிக்கு அது அளவெடுத்த மாதிரி பொருந்தும். இன்னைக்கு அகலத் திரைக்காக அதை நிரப்பிப் போடுறவங்க மேலயும் கீழயும் வெட்டிடுறாங்க. குதிரைக்காரனோட தொப்பி மேல போயிடும், குதிரையோட குளம்பு கீழ போயிடும். கௌபாய் படத்துல தொப்பியும் குளம்பும் இல்லைன்னா மிச்சம் என்ன இருக்கு? அதனாலதான் மங்கலா இருந்தாலும், முழுச் சட்டமும் இருக்கிற ஒரு பழைய தட்டு இன்னைக்கு ஒரு ஆவணம்.

இதே கதை அமெரிக்காவுலயும் நடந்திருக்கு. 'பொனான்ஸா'வோட 31 எபிசோடுகளுக்குப் பதிப்புரிமையைப் புதுப்பிக்காம விட்டுட்டாங்க. அது பொதுச்சொத்தாச்சு. உடனே யார் யாரோ மலிவு கேசட், மலிவு டிவிடின்னு போட்டாங்க. படம் மங்கல். பாட்டுக்கு மட்டும் உரிமை இருந்ததால, அந்தப் புகழ்பெற்ற தொடக்க இசையையே எடுத்துட்டு வேற எதையோ ஒட்டினாங்க. ஆனா அங்க ஒரு வித்தியாசம். மூல நெகட்டிவ் பத்திரமா இருந்தது. 2009-இல் முதல் சீசன் நல்ல பிரதியா, அதே இசையோட, டிவிடியில வந்தது. மலிவுத் தட்டு அவங்களுக்கு ஒரு இடைக்கால ஏற்பாடு. நமக்கு அதுவே கடைசிப் பிரதியா ஆகிடக்கூடாது.

முடியாத காரியம் இல்லை இது. சிவாஜியோட 'கர்ணன்' (1964) டிஜிட்டல்ல புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மறுபடி தியேட்டருக்கு வந்து கூட்டம் சேர்த்தது. அதே 2012 டிசம்பர்ல இயக்குநர் கர்ணன் காலமானார். தெலுங்குல கிருஷ்ணா நடிச்ச கௌபாய் படம் 'மோசகால்லகு மோசகாடு' (1971), அவர் மறைஞ்ச அடுத்த வருஷம், 2023 மே 31, அவர் பிறந்தநாள்ல 4கே தரத்துல திரும்ப வந்தது. குதிரைப் படத்துக்கும் அந்த மரியாதை செய்யலாம்னு அவங்க காட்டிட்டாங்க.

இப்ப தலைப்புல இருக்கிற வருஷத்துக்கு வர்றேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான வருஷம் முடிஞ்சதுல இருந்து 60 வருஷம். 'காலம் வெல்லும்' 2030 முடிவுல பொதுச்சொத்து. 'கங்கா'வும் 'ஜக்கம்மா'வும் 2032 முடிவுல. அதுக்கு அப்புறம் அந்தப் படங்களை யார் வேணும்னாலும் சுத்தம் பண்ணலாம், சப்டைட்டில் போடலாம், வகுப்புல காட்டலாம். சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளே எடுக்க என்ன மிச்சம் இருக்கும்ங்கிறதுதான் கேள்வி.

அதுக்குள்ள காலம் நமக்கு எதிரா ஓடுது. உலகத்துல விசிஆர் தயாரிச்ச கடைசி நிறுவனம் 2016 ஜூலையில கடையைச் சாத்திடுச்சு. கேசட் நாடாவுல பூஞ்சை பிடிக்கும். அப்படி வெள்ளை பூத்த கேசட்டை அப்படியே டெக்ல போடாதீங்க, டெக்கோட தலையும் கெட்டு, அடுத்துப் போடுற கேசட்டும் கெடும். முதல்ல சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. விசிடி இருந்தா முதல்ல ஒரு பிரதி எடுத்து ஹார்டு டிஸ்க்ல வைங்க. உறையை வீசாதீங்க. கேசட் மேல பால்பாயிண்ட் பேனாவுல எழுதின பேர், ஒட்டின கடை ஸ்டிக்கர், எல்லாத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. எந்த ஊர்ல, எந்தக் கடையில, எந்தப் படம் சுத்திச்சுங்கிறதுக்கு அதைவிட நல்ல சாட்சி வேற கிடையாது.

பெரியப்பாவோட ரெண்டு பெட்டியையும் நான் மதுரைக்குக் கொண்டுவந்துட்டேன். இதுவரைக்கும் ஏழு கேசட் பிரதி எடுத்தாச்சு. மூணுல பூஞ்சை. உங்க பாட்டி வீட்டுப் பரண்லயும் ஒரு பெட்டி இருக்கும். இந்த லீவுக்குப் போனா ஏறிப் பாருங்க, கீழே ஏணியைப் பிடிக்க ஒரு ஆளை நிப்பாட்டிட்டு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.