அடங்காத விரல்: ராஸ்முசென் மூளையழற்சியும் தமிழகத்தின் வலிப்பு அறுவை மரபும்

முன்னுரை

பிள்ளைக்கு வெட்டு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார வீடுகளிலும் காணும் வழக்கம். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே அடங்கிவிடும். பெயர் இரும்புக்குப் போய்விடும். அப்படி அடங்காத ஒரு நோய் உண்டு. கட்டைவிரலோ உதட்டோரமோ மணிக்கணக்காக, நாள்கணக்காகத் துடிக்கும். பிள்ளை விழித்திருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். விரல் மட்டும் நிற்காது. ராஸ்முசென் மூளையழற்சி எனப்படும் அந்த நோய் அறியப்பட்ட வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை எடுத்துக்காட்டுவதும், அதிலிருந்து இன்றைய பெற்றோருக்கு வேண்டிய பாடத்தைப் பெறுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

மூளையழற்சி என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதலில் இனங்காணப்பட்டதும் 1955இல் வேலூர்ப் பகுதியில்தான். அது கொசு பரப்பும் வைரஸ் நோய். ராஸ்முசென் நோயோ பொதுவாகக் காய்ச்சல் இல்லாமலே வருகிறது, தொற்றுவதில்லை. நன்றாக ஓடியாடும் பிள்ளைக்குச் சராசரியாக ஆறு வயதையொட்டித் தொடங்குகிறது. மூளையின் ஒரு பாதி மட்டும் அழற்சிக்கு உள்ளாகிச் சுருங்குகிறது. மறுபக்கக் கைகால் தளர்கிறது; இடப்பாதி பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் பேச்சும் மங்குகிறது. மிக அரிய நோய் இது: ஜெர்மனியில் எடுத்த கணக்கின்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒரு கோடிப் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கே புதிதாக வருகிறது.

மான்ட்ரியால், சிகாகோ, வேலூர்

விடாமல் துடிக்கும் வலிப்பை ரஷ்ய மருத்துவர் கோஷெவ்னிகோவ் 1890களிலேயே விவரித்திருந்தார். அந்தத் துடிப்புக்குப் பின்னால் நாள்பட்ட அழற்சியும் இருக்கக்கூடும் என்பதை 1958இல் தியோடர் ராஸ்முசெனும், மான்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்தில் அவருடன் பணிபுரிந்தவர்களும் காட்டினர். மூன்று குழந்தைகளின் மூளைத் திசுவை ஆராய்ந்து அவர்கள் எழுதிய கட்டுரையே இந்நோய்க்கு முதல் ஆவணம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றார். பிறகு சிகாகோவில் இதே ராஸ்முசெனிடம் பணியாற்றினார். இருவரும் 1910இல் பிறந்தவர்கள். ஊர் திரும்பிய சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952 ஆகஸ்டில், ஒருபக்க வாதம் கொண்ட பத்தொன்பது வயது இளைஞருக்கு நாட்டின் முதல் வலிப்பு அறுவையைச் செய்தார். நோய்க்கு முதல் ஆவணம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, அதை நாளை எதிர்கொள்ளப்போகும் கைத்திறன் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இல் தொடங்கிய துறை இம்மரபின் இரண்டாவது கிளை.

அறுவையின் தடம்

மாத்திரைகளால் இவ்வலிப்பை முழுவதும் அடக்குவது அரிது; அதனால்தான் அறுவை. 1950இல் தென்னாப்பிரிக்காவின் கிரைனாவ், குழந்தைப்பருவ ஒருபக்க வாதமும் பெரும்பாலும் வலிப்பும் இருந்த பன்னிரண்டு பேருக்குப் பழுதுற்ற மூளைப்பாதியை அகற்றி, நல்ல பலன் கண்டதாக எழுதினார். ஆனால் வெற்றிடத்தில் சிறுகச் சிறுகக் கசிந்த ரத்தம், ஆண்டுகள் கழித்துச் சிலரின் உயிரையே பறித்தது. ராஸ்முசென் மாற்று வழி கண்டார்: ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை இடத்திலேயே விட்டு, அதன் இணைப்புகளைத் துண்டித்தார். இன்றைய அறுவைகளில் எடுப்பது இன்னும் குறைவு, துண்டிப்பதே முதன்மை. இந்தியாவில் 1995 முதல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் டெல்லி எய்ம்ஸும் வலிப்பு அறுவையை முறைப்படுத்தி வளர்த்தன.

அறுவைக்கு விலை உண்டு. எதிர்ப்பக்கக் கைவிரல்களின் நுண்ணசைவும் பார்வைப்புலத்தின் ஒரு பாதியும் போகும். பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வலிப்பும் நிற்கிறது. சிறு வயதென்றால், நல்ல பாதி பேச்சையும் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற அந்த வாய்ப்பு குறைகிறது.

காரணம் தேடி

வைரஸைத் தேடிய ஆய்வுகள் உறுதியான விடை தரவில்லை. 1994இல் எதிர்ப்பொருள் ஒன்றின் மீது சந்தேகம் விழுந்தது. அதுவும் எல்லா நோயாளிகளிடமும் காணப்படவில்லை. உடலைக் காக்கவேண்டிய டி அணுக்களே நரம்பணுக்களைத் தாக்குகின்றன என்பதற்கு 2002 முதல் வலுவான சான்றுகள் கிடைத்தன. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், டாக்ரோலிமஸ் ஆகியவை தரப்படுவது இதனால்தான். அவை கைகால் தளர்ச்சியைத் தள்ளிப்போடக்கூடும்; வலிப்பை நிறுத்துவது அரிது.

முடிவுரை

இந்த வரலாற்றில் காரணம் பிடிபடுமுன்பே கத்தி கைகொடுத்தது. அந்தக் கத்தியும் காலம் தாழ்ந்தால் முழுப்பயன் தராது. கும்மிடிப்பூண்டியில் ஏறினாலும் திருவள்ளூரில் ஏறினாலும் புறநகர் ரயில் சென்ட்ரலில் கொண்டுவந்து விடுகிறது. எதிரிலேயே ராமமூர்த்தி துறை தொடங்கிய அந்த மருத்துவமனை. தூரம் பெரிதில்லை. அடங்காத துடிப்பை 'வழக்கமான ஃபிட்ஸ்' என்று எண்ணிக் கழிக்கும் மாதங்களே பெரிது. ஒரே பக்கம் வலிப்பு திரும்பத் திரும்ப வந்தாலும், அந்தப் பக்கக் கை சோர்ந்தாலும் செல்போனில் படமெடுத்து, தேதி குறித்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சாவிக்கொத்து சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தாயின் கண் அந்த விரலின் மேல் இருக்கட்டும்.