வீட்டைவிட்டுப் புறப்படும்போது: திகனவும் நமது ஆவணங்களும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அது கட்டிய பள்ளிவாசல்களையும் எழுதிய நூல்களையும் கொண்டு எழுதுவது நமது வழக்கம். வீட்டைவிட்டுப் புறப்பட நேர்ந்த வேளைகளில் அது எதை எடுத்துச் சென்றது, எதை விட்டுச் சென்றது என்பதைக் கொண்டும் அவ்வரலாற்றை எழுதலாம். இலங்கை முஸ்லிம்களின் கதையை அப்படி எழுத நிறையவே இடமிருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயரால் கரையோரத்திலிருந்து விரட்டப்பட்டவர்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் தந்து, நாலாயிரம் பேரளவில் கிழக்கே குடியமர்த்திய செய்தியை நாம் மேடைதோறும் நினைவுகூர்கின்றோம். அடைக்கலம் தந்த அதே கண்டி மண்ணில் பிற்காலத்தில் நிகழ்ந்த புறப்பாடுகளைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியில் பல்லேகலை, பலகொல்ல, கெங்கல்ல ஆகிய ஊர்களைத் தாண்டினால் திகன. அதற்கப்பால் தெல்தெனிய. ஒரு தலைமுறைக் காலத்துள் இந்தப் பகுதி இரு வகை வெளியேற்றங்களைக் கண்டது. ஒன்று நீரால் வந்தது. மற்றது நெருப்பால் வந்தது.

நீரால் வந்தது மெதுவாக வந்தது. துரித மகாவலித் திட்டத்தின்கீழ் 1978இல் விக்டோரியா அணைக்கட்டு வேலை தொடங்கியது. 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985 ஏப்ரலில், அன்றைய பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் கலந்துகொண்ட வைபவத்தில் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் கடைவீதியோடு நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அதன் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. நீர் வருமென்று அங்கிருந்தோருக்கு ஆண்டுக்கணக்கில் முன்னரே தெரிந்திருந்தது. அவ்வளவு அவகாசம் கிடைத்தால் கதவு நிலையையும் கழற்றலாம், கூரை ஓட்டையும் இறக்கலாம். பலா மரத்தையும் மண்ணறைகளையும் எடுத்துச் செல்ல முடியாது. அந்த அவகாசத்திலும் கடைசியில் கணக்கில் வந்தது ஏடுதான். 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டப்படி இழப்பீடு கோருபவர், அக்காணியில் தமக்குள்ள உரித்தைக் காட்டியாக வேண்டும். உறுதி வைத்திருந்தவருக்கும், வாய்வழிப் பங்கில் பரம்பரையாக இருந்தவருக்கும் அங்கே ஒரே வழக்கு இல்லை.

நெருப்பால் வந்தது வேகமாக வந்தது. 2018 பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி, மார்ச் தொடக்கத்தில் மருத்துவமனையில் இறந்தார். அக்குற்றத்தைச் செய்தவர்களுக்கு நீதிமன்றம் இருந்தது. ஆனால் பழி ஊர்கள் மீது விழுந்தது. மார்ச் 5ஆம் திகதி பட்டப்பகலில் திகனவில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. தீ வைக்கப்பட்ட வீடொன்றினுள் சிக்கிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 7ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தபோதே அம்பதென்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களுக்கும் வன்முறை பரவியது. பலர் உடுத்த உடையோடு வெளியேறினர். சிங்கள அயலவர்கள் சிலர் முஸ்லிம் குடும்பங்களைத் தமது வீடுகளுக்குள் வைத்துக் காத்ததையும் இவ்விடத்தில் பதிந்தாக வேண்டும்.

கல்லெறி முன் கதவில் விழும்போது பின் கதவால் ஓடுபவருக்குத் தெரிவு என்று ஒன்று இல்லை. குழந்தை, வயோதிபர், கைக்கு எட்டினால் நகை. இந்த வரிசையை யாரும் குறைகூற முடியாது. நகை நமது பெண்களின் ஒரே சேமிப்பு. பல வீடுகளில் அதுவே மஹரும்கூட. ஆனால் புகை அடங்கிய பின்னர் வருகின்ற கேள்விகள் நகையைப் பற்றியவை அல்ல. நீ யார்? இந்த வீடு உன்னுடையதா? கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது? அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காவின், காணி உறுதி, கடையின் வியாபாரப் பதிவு, கொள்வனவுச் சிட்டைகள், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள்: இக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய தாள்கள் அலுமாரியோடு சேர்ந்தே எரிந்திருக்கும்.

இதன் முழுப் பாரத்தையும் சுமந்தவர்கள் வடக்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் ஒன்றுகூட்டி, இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தவர் சோதனைச் சாவடிகளில் நகையையும் பறிகொடுத்தனர். எனவே எடுத்து வந்த பொன்னும் நிலைக்கவில்லை, விட்டு வந்த மண்ணும் கைக்கு எட்டவில்லை. 2009இன் பின் திரும்பிப் போனவர்களில் பலர், தமது வளவில் வேறொருவர் குடியிருக்கக் கண்டனர். நமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் இடையூறின்றி ஒரு காணியை எதிருரிமையாக ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். துரத்தப்பட்டவன் வழக்குப் போடாதிருந்த காலமும் அந்தப் பத்தில் சேர்ந்துகொண்டது. இந்த அநீதியைத் திருத்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்குள் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே நுழைபவரின் கையில் உறுதி இருக்க வேண்டும்.

இங்கே 1915ஐயும் நினைக்க வேண்டும். அவ்வாண்டு மே இறுதியில் கண்டியில் மூண்ட கலவரத்தில் 4,075 கடைகள் கொள்ளையிடப்பட்டதாகவும், 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டதாகவும் அரசாங்கக் கணக்கு கூறுகின்றது. இவ்வெண்கள் நூறாண்டு கடந்தும் நம்மிடம் இருப்பது, அன்று இழப்புகள் எண்ணி எழுதப்பட்டதனால்தான். எழுதப்படாத இழப்பு இரண்டு தலைமுறையில் வதந்தியாகிவிடும். மூன்றாம் தலைமுறையில் யாரும் நம்பமாட்டார்கள்.

வீட்டைவிட்டுப் புறப்படுவது நமது மார்க்க வரலாற்றுக்குப் புதிதல்ல. நமது ஆண்டுக் கணக்கே ஒரு புறப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவைவிட்டுப் புறப்பட்டபோது, தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரலி) அவர்களை மக்காவில் இருக்கச் செய்தார்கள் என்பது ஸீரா நூல்கள் தரும் செய்தி. உயிருக்கே ஆபத்தான அவ்விரவிலும் அமானிதம் மறக்கப்படவில்லை. சாட்சியாகும் தாள்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பாட்டன் எழுதிய உறுதி பேரனுக்குச் சேரவேண்டிய அமானிதம். மனைவியின் காவின் கணவனின் அலுமாரியில் இருக்கும் அமானிதம். ஜமாஅத்தின் மரண, விவாகப் பதிவுகளும் வக்பு உறுதிகளும் ஊருக்கே உரிய அமானிதம். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கப் பணிக்கும் வசனமே (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, எதை எடுப்பது என்ற கேள்வியை ஓடவேண்டிய நிமிடத்துக்கு வைத்திருக்கக்கூடாது. அந்த நிமிடம் குழந்தைக்கும் உம்மாவுக்கும் உரியது. அமைதியான நாளில் செய்யக்கூடியவை உள்ளன. நமது நாட்டில் நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. ஆகவே உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வெளியூர் உறவினரிடம் கொடுத்துவைத்தால், மூலம் எரிந்தாலும் பிரதி எடுக்க வழியுண்டு. பிறப்பு, விவாகப் பதிவுகளுக்கும் பதிவாளரிடம் பிரதி உண்டு. இலக்கம் தெரிந்தால் தேடுவது இலகு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை, அதில் எல்லாத் தாளும், அது எங்கே இருக்கிறதென்று வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் தமது பதிவேடுகளைப் படமெடுத்து இன்னோர் ஊர்ப் பள்ளியில் ஒரு பிரதி வைக்கலாம். வீட்டுப் பரண்களில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் இரண்டாம் பிரதி எங்குமே இல்லாதிருக்கலாம். அவற்றைப் படமெடுப்பது இலக்கியம் பேசுகின்ற நம் போன்றவர்களின் தனிக் கடமை.

இது கலவரத்துக்கான ஆயத்தம் மட்டுமன்று. 2020இல் திகனவைச் சுற்றி நில அதிர்வுகள் உணரப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைக் குடியிருப்புகள்மீது இறக்கியது. அங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதம் மண்ணுக்கு இருக்கவில்லை. பிழைத்தவர்கள் மூன்று மொழியிலும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொண்டனர்: ஆவணம் இருக்கிறதா?

வீடு மீண்டும் கட்டப்படலாம். திகனவின் கடைகள் பல திரும்பவும் திறந்திருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் நாம் இருந்தோம் என்பதற்குச் சாட்சி இல்லாது போனால், எரித்தவன் செய்ததன் மீதியை மறதி செய்துமுடிக்கும். அதற்கு இடம்கொடாதிருப்பது நமது கையில் இருக்கிறது.