இருபத்தைந்து அடி மனையும் இருட்டறைகளும்

1850இல் நியூயார்க் நகரத்தின் மக்கள்தொகை 5 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 1890இல் அது 15 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. அன்றைக்கு நகரம் என்பது ஏறக்குறைய மன்ஹாட்டன் தீவுதான். அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பியவர்களும் ஜெர்மானியக் கைவினைஞர்களும் முதலில் வந்தார்கள். பின்னால் ரஷ்யப் பேரரசின் யூதர்களும் தெற்கு இத்தாலியின் விவசாயிகளும் வந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த இடம் டெனிமென்ட் எனப்பட்ட ஒண்டுக்குடித்தனக் கட்டடம். ஐந்து, ஆறு மாடி, மாடிக்கு நான்கு குடித்தனம், ஜன்னலே இல்லாத படுக்கையறைகள். இந்த இருட்டும் நெரிசலும் ஏன் வந்தன என்று கேட்டபோது அந்தக் காலத்தவர்கள் இரண்டு பதில் வைத்திருந்தார்கள். வந்தவர்களின் பழக்கவழக்கம் அப்படி என்றார்கள் சிலர். வீட்டுக்காரர்களின் பேராசை என்றார்கள் வேறு சிலர். இரண்டும் மேலோட்டமான பதில்கள் என்றே நான் கருதுகிறேன். அந்த இருட்டு மனையின் அளவிலும் அந்த மனைக்குப் போட்ட வாடகைக் கணக்கிலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்கில் கை வைக்காத சீர்திருத்தங்கள் தோற்றதும், கை வைத்த சட்டம் பலன் தந்ததும் இதற்குச் சான்று.

1811இல் ஆணையர்கள் வகுத்த திட்டம் மன்ஹாட்டனின் பெரும்பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே சுமார் 200 அடி ஆழம். அதில் முதுகோடு முதுகாக இரண்டு மனைகள் பொருந்தும்: ஒவ்வொன்றும் 25 அடி அகலம், 100 அடி நீளம். அதற்கு முன்பே தெருக்கள் அமைந்துவிட்ட கீழ்க்கிழக்குப் பகுதியிலும் ஏறத்தாழ இதே அகலம்தான் வழக்கம். ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கு இது நல்ல மனை. முன்னால் தெரு, பின்னால் முற்றம். ஆனால் நிலத்தின் விலை ஏறி, அதே மனையில் இருபது குடித்தனம் வைக்க வேண்டும் என்று வந்தபோது கட்டடம் பின்னோக்கி நீண்டது. இரு பக்கமும் அடுத்த கட்டடத்தின் சுவர். வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டுமே வர முடியும். நடுவில் உள்ள அறைகளுக்கு வழியே இல்லை. ஆர்ச்சர்டு தெரு 97ஆம் எண் கட்டடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1863இல் கட்டப்பட்டது, இன்று அருங்காட்சியகம். ஐந்து மாடிகளில் 22 குடித்தனங்கள். ஒவ்வொன்றும் சுமார் 325 சதுர அடியில் மூன்று அறைகள்; அவற்றில் ஓர் அறைக்கு மட்டுமே வெளிப்பக்கம் ஜன்னல். கழிப்பறைகள் பின்முற்றத்தில். இதைக் கட்டிய லூகாஸ் குளோக்னர் ஜெர்மனியிலிருந்து வந்த தையல்காரர்; தானும் அந்தக் கட்டடத்திலேயே குடியிருந்தவர். பேராசைக் கதை இங்கேதான் தடுமாறுகிறது. 25 அடி மனை சிறு முதலீட்டாளரின் கைக்கு எட்டும் அளவு. குளோக்னரைப் போலச் சேமிப்பைப் போட்டு ஒரு கட்டடம் எழுப்பியவருக்கு, மனையின் மூலைமுடுக்கெல்லாம் வாடகை தந்தால்தான் கடன் அடையும். நல்லவர் கட்டினாலும் அந்த மனையில் இருட்டறைதான் வரும்.

இனி பழக்கவழக்க வாதம். இதற்கு வலுச் சேர்த்தவர்களில் ஜேக்கப் ரீஸும் ஒருவர். டென்மார்க்கிலிருந்து வந்து போலீஸ் செய்தியாளராக வேலை பார்த்தவர். மக்னீசியத் தூள் வெளிச்சத்தில் இருட்டறைகளைப் படம் பிடித்து, 1890இல் வெளியிட்ட நூலால் அமெரிக்காவின் மனசாட்சியை உலுக்கினார். அவருடைய உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அதே நூல் இத்தாலியரையும் யூதரையும் சீனரையும் இனக் குணங்களாகப் பிரித்து எழுதுகிறது. அழுக்கும் நெரிசலும் பாதி அவர்கள் கொண்டுவந்த சுமை என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் விதைக்கிறது. கட்டடங்களின் வரலாறு இதை ஒப்புக்கொள்வதில்லை. கீழ்க்கிழக்குப் பகுதி முதலில் ஜெர்மானியரின் பேட்டை, பிறகு யூதர்களின் பேட்டை. இத்தாலியரும் வந்து சேர்ந்தார்கள். மொழி மாறியது, மதம் மாறியது, சமையல் மாறியது. நெரிசல் மட்டும் மாறவில்லை. கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒவ்வொரு கூட்டமும் ஹார்லெமுக்கோ புரூக்ளினுக்கோ பெயர்ந்து போனது. நெரிசலை விரும்பியவர்கள் அதைவிட்டு ஓடுவானேன்? துறைமுகமும் தையல் பட்டறைகளும் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். வாடகை கூலியில் பெரும்பங்கைத் தின்றது. அதனால் சமையலறையில் ஒரு கட்டிலைப் போட்டு இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டார்கள். கணக்கு அவர்களை அங்கே கொண்டு நிறுத்தியது.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1867இல் மாநிலச் சட்டம் 20 பேருக்கு ஒரு கழிப்பறையும், தீப்பிடித்தால் இறங்கித் தப்ப வழியும் வேண்டும் என்றது. 1869இல் சுகாதார வாரியம் உள்ளறைகளில் 46,000க்கும் மேற்பட்ட ஜன்னல்களை வெட்ட வைத்தது. ஆனால் அவை திறந்தது பெரும்பாலும் இருண்ட நடைவழிகளை நோக்கித்தான். பிறகு வந்தது மிக முக்கியமான முயற்சி. நீர்க்குழாய், சுகாதாரப் பொறியியல் துறைக்கான ஓர் இதழ் சிறந்த டெனிமென்ட் வடிவத்துக்குப் போட்டி அறிவித்து, 1879இல் முடிவை வெளியிட்டது. நிபந்தனையைக் கவனியுங்கள்: 25க்கு 100 அடி மனையில் பொருந்த வேண்டும், குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும், முதலீட்டாளருக்கு லாபமும் வேண்டும். வென்றவர் ஜேம்ஸ் வேர். கட்டடத்தின் இடுப்பை இரு பக்கமும் சற்றே ஒடுக்கி, பக்கத்துக் கட்டடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு காற்றோட்டச் சந்து விட்டார். மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சி டம்பெல் போலிருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. அதே ஆண்டு வந்த சட்டம் ஒவ்வொரு படுக்கையறைக்கும் வெளிக்காற்றை நோக்கி ஜன்னல் வேண்டும் என்றது. சட்டத்துக்கு டம்பெல் போதும். ஆனால் சந்தின் அகலம் ஒரு கட்டடத்தின் பக்கம் 28 அங்குலம். இரண்டு சேர்ந்தால் ஐந்து அடிகூட இல்லை. உயரமோ 60 அடிக்கு மேல். கீழ்மாடிகளுக்கு வெளிச்சம் இறங்கவில்லை. மேல்மாடிகளிலிருந்து குப்பை விழுந்தது; கோடையில் நாற்றம் ஏறியது; தீப்பிடித்தபோது சந்தே புகைபோக்கியாகி நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. ஒரு மாடியின் 14 அறைகளில் நான்குக்குத்தான் தெருவிலிருந்தோ முற்றத்திலிருந்தோ நேர் வெளிச்சம். மனையின் 65 விழுக்காட்டுக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதியும் விலக்குகளால் கரைந்துபோனது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான டம்பெல்கள் எழுந்தன. நல்லெண்ணம் கொண்டவர்கள் நடத்திய போட்டி இது. கேட்ட கேள்வி தவறு. மனையை மாற்றாமல் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள்.

வீடு தனிமனிதரின் உடைமை, அதற்குள் சட்டம் நுழையலாமா என்ற மறுப்பு அந்தக் காலத்தில் வலுவாக இருந்தது. டெனிமென்ட் வீடுகளில் சுருட்டுச் சுற்றுவதைத் தடுக்கும் சட்டத்தை, இளம் சட்டமன்ற உறுப்பினரான தியோடர் ரூஸ்வெல்ட் ஆதரித்து நிறைவேற்ற உதவினார். 1885இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதைத் தொழிலாளியின் சுதந்திரத்தில் தலையிடுவதாகச் சொல்லி ரத்து செய்தது. புகையிலைத் தூசியில் குழந்தைகள் உறங்கும் அறையில் என்ன சுதந்திரம் மிச்சமிருந்தது என்று அந்தத் தீர்ப்பு போதிய அளவு கேட்கவில்லை. இன்னொரு தரப்பு, சந்தையே நல்ல வீட்டைக் கட்டித் தரும் என்றது. அதற்கு அவர்கள் காட்டிய சான்று ஆல்ஃபிரட் வைட். 1877 முதல் புரூக்ளினில் அவர் கட்டிய குடியிருப்புகளில் எல்லா அறைக்கும் வெளிச்சம் உண்டு; லாபத்தை ஐந்து விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டார். அருமையான வேலை. ஆனால் அவர் பெரிய நிலத்தை ஒன்றாக வளைத்து, இரண்டறை ஆழமே உள்ள கட்டடங்களை எழுப்பினார். குறைந்த லாபத்தில் மனநிறைவும் அடைந்தார். 25 அடி மனையும் அதன்மேல் அடமானமும் வைத்திருந்த ஒருவரால் அதைப் பின்பற்ற முடியவில்லை. வைட்டின் வெற்றியும் மனையைத்தான் சுட்டிக்காட்டுகிறது.

1900இல் வீட்டுவசதிச் சீர்திருத்தக்காரரான லாரன்ஸ் வெய்லர் ஐந்தாம் அவென்யூவில் ஒரு கண்காட்சி நடத்தினார். கிறிஸ்டி, ஃபோர்சித், கனால், பேயார்டு தெருக்களுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு தொகுதியை அட்டையில் மாதிரியாகச் செய்து வைத்திருந்தார்: 39 கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 மனிதர்கள், 264 கழிப்பறைகள். ஒரு குளியலறைகூட இல்லை. ஆண்டு வாடகை வருமானம் 1,13,964 டாலர். ஏழ்மைதான் காரணம் என்பவர்கள் இந்தக் கடைசி எண்ணில் நிற்க வேண்டும். குடித்தனத்துக்கு மாதம் சராசரியாகச் சுமார் 16 டாலர் அந்த மக்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணம் வெளிச்சத்துக்குப் போகவில்லை. ஆளுநராகியிருந்த ரூஸ்வெல்ட் டெனிமென்ட் நிலைமையை ஆராய ஆணையம் அமைத்தார். 1901இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் தெருவையோ, முற்றத்தையோ, குறைந்தபட்ச அளவு கொண்ட திறந்த வெளியையோ பார்க்கும் ஜன்னல். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பறை. நடுமனையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கட்டடம் கூடாது. இந்த அளவுகளோடு 25 அடி மனையில் கட்டினால் லாபம் நிற்காது. கட்டுநர்கள் மனைகளைச் சேர்த்து 37, 40, 50 அடி அகலத்தில் கட்டத் தொடங்கினார்கள். மேற்பார்வைக்குத் தனித் துறையும் வந்தது. பழைய கட்டடங்களிலும் முற்றத்துக் கழிப்பறைகளை ஒழிக்க உத்தரவு போனது. இதை எதிர்த்து ஒரு கட்டட உரிமையாளர் மேல்முறையீடு செய்த வழக்கில், 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது.

சட்டம் வந்தால் கட்டுமானம் நின்றுவிடும், வாடகை ஏறும் என்று எச்சரித்தவர்களின் முதல் பாதி பொய்த்தது. முதல் உலகப் போருக்குள் மன்ஹாட்டனின் வடபகுதியிலும் பிராங்ஸிலும் புரூக்ளினிலும் புதுச் சட்டக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அவற்றில் பல இன்றும் வாடகைக்கு விடப்படுகின்றன. இரண்டாம் பாதியில் உண்மை இருக்கிறது. புதிய வீடுகளின் வாடகை கூடுதல். மிக ஏழைகள் பழைய டம்பெல்களிலேயே தங்கிப்போனார்கள். கட்டடத்தின் வடிவத்தைச் சட்டம் நிர்ணயிக்கலாம், அதன் வாடகையைச் சட்டம் கட்டிவிடாது. இதைச் சட்டத்தின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. மீதி வேலைக்குப் பொதுப்பணம் வேண்டியிருந்தது, அது வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1934இல் நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் உருவானது. கீழ்க்கிழக்குப் பகுதியில் அது எடுத்த முதல் திட்டம், வரிசையாக நின்ற பழைய டெனிமென்ட் கட்டடங்களில் மூன்றுக்கு ஒன்றை இடித்து, மிச்சமிருப்பவற்றின் பக்கச் சுவர்களில் ஜன்னல் வைப்பது. பல கட்டடங்கள் நிற்கும் நிலையில் இல்லாததால் பெரும்பகுதியைப் புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் குடியிருப்பு 1935 டிசம்பரில் திறக்கப்பட்டது.